பாதி கட்டின ஊருக்கு டிக்கெட் எடுக்கலாமா?

பாஸ்போர்ட் வேண்டாம். விசாவுக்காக விடியற்காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டாம். சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கம்ப்யூட்டர், கொஞ்சம் பொறுமை, இரண்டும் இருந்தால் போதும். இந்த வாரம் உங்களை அழைச்சிட்டுப் போற இடம் ஜெர்மனியில் இருக்கிற பிராங்கோனியா. இன்றைய பிராங்கோனியா இல்லை பாஸ், பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் இருந்த பிராங்கோனியா! அங்கே ஊர் எதுவும் தயாராக இல்லை. நீங்க போய்த்தான் கட்டணும்.

'மேனர் லார்ட்ஸ்' என்கிற கம்ப்யூட்டர் கேம்தான் மேட்டர். 2024 ஏப்ரல் 26-ல் ஸ்டீம் கடையில் விற்பனைக்கு வந்தது. க்ரெக் ஸ்டிச்சென் என்ற போலந்துக்காரர் பல வருஷம் பெரும்பாலும் தனி ஆளாக உட்கார்ந்து உருவாக்கியது. முதல் நாளே 10 லட்சம் பேர் வாங்கினாங்க. இதில் வேடிக்கை என்னன்னா, அத்தனை பேரும் காசு கொடுத்து வாங்கியது முழுசாக முடியாத ஒரு கேமை! இதுக்கு 'ஏர்லி ஆக்சஸ்'னு ஸ்டைலாக ஒரு பேர். நம்ம பாஷையில் சொன்னால், பூச்சு வேலை முடியாத ஃபிளாட்டில் பால் காய்ச்சுவது. லிஃப்ட் அப்புறம் வரும், மோட்டார் அப்புறம் வரும், 'நீங்க முதல்ல குடி வாங்க சார்' கதை.

வாங்கலாமா, வேண்டாமா? முடிவு பண்றதுக்கு முன்னால் ஊரை ஒரு சுற்று சுற்றிட்டு வந்துடலாம்.

இறங்கினதும் கண்ணில் படுவது ஒரு வெட்டவெளி. சுற்றிலும் காடு, ஒரு பக்கம் பெர்ரிப் புதர், தூரத்தில் மான் கூட்டம். கூடாரம் போட்டு ஐந்தே ஐந்து குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். அவங்களுக்கு ஒரே ஒரு மாடு. இந்த மாட்டை நல்லாப் பார்த்து வெச்சுக்குங்க, ஊரில் உங்களைவிட முக்கியமான ஆள் அதுதான். வெட்டின மரத்தைக் கட்டி இழுத்துட்டு வர்றது அது மட்டுமே. அவசரப்பட்டு ஒரே நேரத்தில் நாலு கட்டடத்துக்கு ஆர்டர் போட்டீங்கன்னா, நாலும் அரைகுறையாக நிற்க, மாடு மட்டும் காட்டுக்கும் ஊருக்கும் ஆடி அசைந்து நடந்துக்கிட்டே இருக்கும். சும்மா இருக்கிற குடும்பம்தான் கட்டட வேலைக்கு வரும் என்பதால், எல்லாரையும் விறகு வெட்டவும் பெர்ரி பறிக்கவும் அனுப்பிட்டால் வீடு கட்ட ஆளே கிடைக்காது!

இந்த ஊரின் அழகே அதன் தெருக்கள்தான். மற்ற சிட்டி பில்டர் கேம்களில் பார்த்திருப்பீங்க, செஸ் போர்டு மாதிரி கட்டம் கட்டமாக ரோடு போடணும். இங்கே கட்டமே கிடையாது. ஓடையை ஒட்டி, மேட்டைச் சுற்றி, உங்க இஷ்டத்துக்கு வளைச்சு வளைச்சு ரோடு போடலாம். மனைகளும் அதுக்கேற்ப நெளிஞ்சு உட்காரும். தெருவைப் பார்த்த முகப்பு குறுகல், பின்னால் நீளமான கொல்லை. அந்தக் காலத்து ஐரோப்பிய ஊர்களில் நிஜமாகவே இப்படித்தான் மனை பிரிச்சாங்க. கொல்லையில் கோழி வளர்க்கலாம், காய்கறி போடலாம், ஆடு கட்டலாம். கொல்லை பெரிசாக இருந்தால் காய்கறியும் அதிகம் விளையும். தஞ்சாவூர்ப் பக்கம் வாசலில் நுழைஞ்சு கொல்லை வரை நடந்து பார்த்தவங்களுக்கு இந்த வீடுகள் உடனே பிடிச்சுப் போயிடும்.

வயல் பக்கம் போனால் கோதுமை, பார்லி, துணி நெய்ய ஆளி. ஒரே நிலத்தில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் மண்ணின் சத்து இறங்கிடும். அதனால் மூன்று வருஷச் சுழற்சியில் ஒரு வருஷம் நிலத்தைத் தரிசாகப் போடணும். இதுவும் கதை இல்லை, அன்றைய ஐரோப்பிய விவசாயி நிஜமாகவே செய்தது. குளிர்காலத்தில் பெர்ரி கிடையாது, வயல் வேலை கிடையாது, விறகு மட்டும் மளமளன்னு தீரும். முதல் குளிர்காலத்தைத் தாண்டி, வசந்தத்தில் ஒரு குடும்பம் புதுசாகக் குடிவரும்போது கிடைக்கிற சந்தோஷம் இருக்கே... அதுக்காகவே டிக்கெட் எடுக்கலாம் போல இருக்கும்.

ஒரு பட்டனைத் தட்டினால் ஊரின் பிரபுவாகவே தரையில் இறங்கி, நீங்க போட்ட தெருவில் நீங்களே நடந்து போகலாம். சேற்றில் மாட்டு வண்டித் தடம், சந்தையில் துணிக்கடை, தூரத்தில் சர்ச். செம! ஆனால், ஒரு வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போகலாம்னு பார்த்தால்... முடியாது. 2024-ல் போனவங்களுக்கு இங்கேதான் முதல் இடி. வளர்ச்சிப் படிகள் சிலதில் பூட்டுப் படம். ஆட்சிச் சட்டங்கள் பக்கத்தில் பாதி 'பிறகு வரும்'. வில் வீரர்கள் எய்த அம்பு எதிரிக்குக் கொசுக்கடி மாதிரி இருந்தது. பக்கத்துப் பிரபு நீங்க கண் சிமிட்டுறதுக்குள் சுற்றியிருக்கிற நிலத்தையெல்லாம் வளைச்சுப் போட்டுடுவார். அடுத்த மாதமே வந்த அப்டேட்டில் அம்புக்குக் கூர் ஏறியது, பிரபுவின் வேகம் குறைந்தது. இதுதான் ஏர்லி ஆக்சஸ் வாழ்க்கை. நேற்றுப் பழகின ஊர் இன்றைக்கு வேறு விதியில் நடக்கும். பெரிய அப்டேட்டில் பழைய சேவ் ஒத்துவராமல் போய், இருபது மணி நேரம் பார்த்துப் பார்த்து வளர்த்த ஊரை விட்டுட்டு மறுபடி ஐந்து கூடாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியும் வரலாம்.

ஸ்டிச்செனை ஒரு விஷயத்தில் பாராட்டணும். வெளியீட்டுக்கு முன்னாடியே, 'இது பெரிய பெரிய போர் நடத்துற கேம் இல்லை, முக்கியமாக ஊர் கட்டுற கேம், சண்டை கொஞ்சம்தான்' என்று வெளிப்படையாகச் சொல்லிட்டார். டிரெய்லரில் வாள்வீச்சைப் பார்த்து மயங்கினவங்களுக்கு இதைவிட நேர்மையாக யாரும் சொல்ல முடியாது. இருந்தும் சர்ச்சை வந்தது. 2024 ஜூலையில், 'தி லாங் டார்க்' கேமை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவர், இவ்வளவு பேர் வாங்கிய பிறகும் புதுச் சரக்கு வேகமாக வரவில்லை என்ற தொனியில் எழுத, பதிப்பாளர் ஹூடட் ஹார்ஸின் டிம் பெண்டர் கடுப்பாகிட்டார். ஆடினவங்க ஆடி முடிச்சிட்டுக் கிளம்பட்டுமே, ஓய்வில்லாமல் ஓடிக்கிட்டே இருக்கணும்னு ஒரு படைப்பாளியை ஏன் விரட்டணும் என்பது அவர் கட்சி. நான் பெண்டர் பக்கம். ஆனால், வாங்குறவங்க பர்ஸ் அவர் பர்ஸ் இல்லையே!

இந்த வழியில் போன மற்ற ஊர்கள் என்னாச்சு? 'ஃபவுண்டேஷன்'னு இதே மாதிரி இன்னொரு இடைக்கால ஊர். 2019 பிப்ரவரியில் அரைகுறையாக வந்தது, 2025 ஜனவரி கடைசியில்தான் முழுசாச்சு. நீங்க காலேஜில் சேர்ந்து, டிகிரி வாங்கி, மேல்படிப்பும் முடிக்கிற காலம்! ஆனாலும் முடிச்சாங்க. 'ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9'னு விண்வெளி நிலையம் கட்டுற கேம் 2013 அக்டோபரில் வந்தது. டபுள் ஃபைன் என்கிற பேர்பெற்ற நிறுவனத்தின் படைப்பு. ஒரே வருஷத்தில், திட்டமிட்ட பல அம்சங்கள் சேராமலே 'முடிஞ்சாச்சு'ன்னு கடையைக் கட்டிட்டாங்க. அப்போ, முழுசானதை மட்டும் வாங்கினால் தப்பிச்சுக்கலாமா? அதுவும் இல்லை. 2023 அக்டோபரில் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2' முழு கேம் என்ற பேரில்தான் வந்தது. நல்ல கம்ப்யூட்டரிலேயே திக்கித் திணறியது. ஏர்லி ஆக்சஸ்காரங்களாவது போர்டு வெச்சுச் சொல்றாங்க!

அந்த போர்டை முதலில் படிங்க. ஸ்டீம் பக்கத்தில் 'வாங்கு' பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பெட்டி இருக்கும். மேனர் லார்ட்ஸ் பக்கத்துக்குப் போகும்போது அந்தப் பெட்டி இன்னமும் இருக்கா, எடுத்துட்டாங்களான்னு பாருங்க. இருந்தால் அதில் எழுதியிருப்பது இதுதான்: இப்போது இருக்கிற நிலையிலேயே ஆட ஆசை இல்லைன்னா காத்திருங்க. விற்கிறவங்களே இப்படி எழுதி வெச்சிருக்கும்போது, நாம் மட்டும் 'அடுத்த அப்டேட்ல கோட்டை வரும், கடல் வரும்'னு கனவுக்குக் காசு கொடுப்பானேன்? கடைசி அப்டேட் எந்தத் தேதியில் வந்ததுன்னும் பாருங்க. ஒரு வருஷத்துக்கு மேல் அசைவில்லாமல் கிடக்கிற ஏர்லி ஆக்சஸ் கேமுக்கு 2025 முதல் ஸ்டீமே எச்சரிக்கை வாசகம் போடுது.

பணத்தைத் திரும்ப வாங்கவும் வழி உண்டு. வாங்கி 14 நாளுக்குள், ஆடின நேரம் 2 மணிக்குள் இருந்தால் கேட்கலாம். ஆனால், சிட்டி பில்டருக்கு 2 மணி நேரம் என்பது கண்ணை மூடித் திறக்கிற நேரம். செட்டிங்ஸில் நோண்டிக்கிட்டு இருந்தாலும் கடிகாரம் ஓடும். அதனால் முதல் அரை மணி நேரத்தில் உங்க கம்ப்யூட்டர் தாங்குதான்னு மட்டும் பாருங்க. காலேஜ் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லைன்னா இந்தப் பயணத்தை மறந்துடுங்க. மின்விசிறிச் சத்தம்தான் மிஞ்சும்.

என் கணக்கு இது. தெரு வளைக்கவும், கொல்லையில் காய்கறி போடவும், நாலைந்து குளிர்காலம் தாண்டவும் ஆசையா? அந்த அளவுக்கு ஊர் 2024-லேயே தயார், தாராளமாகப் போகலாம். அரசியல், கோட்டை, முற்றுகைன்னு பெரிய சாம்ராஜ்யக் கனவா? பாக்கெட் மணியைப் பத்திரமா வெச்சுக்குங்க, கோடைக்காலத் தள்ளுபடி வருஷா வருஷம் வரும். மெஸ் பில் கட்ட வெச்சிருக்கிற காசா? மெஸ் பில்லைக் கட்டுங்க பாஸ். அந்த ஐந்து குடும்பமும் கூடாரத்தில் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும்.

போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ஒரே ஒரு டிப்ஸ். ஊர்க் கஜானாவில் காசு சேர்ந்ததும் சர்ச், சாராயக்கடை எல்லாத்துக்கும் முன்னாடி இரண்டாவது மாட்டை வாங்கிடுங்க.