குடிநீரும் கஞ்சியும்

யாழ்ப்பாணத்து வழக்கில் 'குடிநீர்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கிணற்றில் அள்ளிப் பருகுவதும் குடிநீர். வேரும் பட்டையும் காயும் இட்டு, எட்டிலொன்றாக வற்றக் காய்ச்சி வடித்த மருந்தும் குடிநீர். வயிற்றோட்டம் கண்டவனை இவ்விரண்டில் எது காக்கும் என்ற வினா எங்கள் குடும்பத்தில் ஏட்டுச் சுரைக்காயாக இருந்ததில்லை. கலைப்பீடத்து மாணவருக்கு இத்தகைய பொருள்பற்றி எழுத என்ன வேலை என்று விடுதி நண்பரொருவர் நகைத்தார். அவர் நகைத்ததிலும் நியாயம் உண்டு. எனினும் எழுதுகிறேன்.

அம்மம்மாவின் தலைப்பிள்ளை 1969ஆம் ஆண்டில், இரண்டரை வயதில், வயிற்றோட்டம் கண்டு மூன்றாம் நாள் இறந்தது. நான் காணாத அந்த மாமாவுக்கு மருந்து கொடுக்கப்படவில்லை என்று எவரும் சொல்ல இயலாது. வளவில் நின்ற வில்வமரத்தின் பிஞ்சுக் காய்கள் சீவி உலர்த்தி வீட்டிலே இருந்தன. மாதுளந்தோல் இருந்தது, நாவற்பட்டையும் வேர்க்கொம்பும் ஓமமும் இருந்தன. பரியாரியார் கட்டிக் கொடுத்த சரக்கில் கோரைக்கிழங்கும் பாலைப்பட்டையும் சேர்ந்திருந்தன என அம்மம்மா இன்றும் விரல்மடித்துச் சொல்வார். வேளை தவறாது மருந்து புகட்டப்பட்டது. தண்ணீர்தான் கொடுக்கப்படவில்லை. குடிக்கக் குடிக்க வயிற்றாலே கூடப் போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். பிள்ளை தண்ணீர் கேட்டதை அம்மம்மா ஒரேயொரு முறைதான் என்னிடம் சொன்னார். நான் அதுபற்றி மறுமுறை கேட்கவில்லை.

அப்பெரியவர்களைப் பழித்தற்கு எனக்கு மனமில்லை. மேலைநாட்டு மருத்துவமும் நெடுங்காலம் குடலுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி, வயிற்றோட்டக் குழந்தையைப் பட்டினி போட்டு வந்ததே. நோயாளியைக் கொல்வது பெரும்பாலும் கிருமியன்று, உடல் இழக்கும் நீரும் உப்புமே என்பது அறியப்பட்டிருந்தது. ஆயினும் அவற்றை ஊசிவழி ஏற்றுவதே வழியாயிருந்தது. கொலரா நஞ்சு குடற்சுவரிலிருந்து நீரை வெளியே இறைக்கும் வேளையிலும், குளுக்கோசையும் சோடியத்தையும் ஒன்றாக உள்ளீர்க்கும் வாயில் பழுதுறாது திறந்தே இருக்கிறது. அவ்விரண்டும் சென்ற வழியே நீரும் செல்லும். இதனை நோயாளரிடத்து நிறுவும் பரிசோதனையை நலின், காஷ் என்னும் இரு இளம் அமெரிக்க மருத்துவர் டாக்காவில் நடத்தி வெளியிட்டது 1968இல். எங்கள் வளவில் வில்வக் குடிநீர் கொதித்ததற்கு ஓராண்டு முன்னர்.

1971இல் வங்காள அகதிகள் நிறைந்த பொங்கான் முகாமில் ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் அப்பச்சோடாவும் கரைத்த நீரைக் கலங்களில் வைத்து, உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கிற்று. 1978இல் 'லான்செற்' மருத்துவ ஏடு இதனை அந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகக் கருதத்தகும் என எழுதியது. 'ஜீவனி' என்ற பெயரில் இந்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் பொதியின் பூர்வீகம் இதுவே.

அவ்வாறாயின் மூலிகைகள் வீண்தானோ? அப்படியும் சொல்வதற்கில்லை. முற்றாத வில்வக்காய் எங்கள் ஏடுகளில் மட்டும் இருந்ததன்று. 1868இல் இலண்டனில் அச்சான இந்திய மருந்துநூலிலும் அதற்கு இடம் கிடைத்தது. மானிப்பாயில் இருந்து தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன், அத்தகைய மருந்துச் சரக்குகளை 'இந்து பதார்த்த சாரம்' என்ற பெயரில் தமிழ்ப்படுத்தியவர். அண்மைக்காலச் செய்தி இன்னும் சுவையானது. மும்பாயில் செய்யப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்றிலே, வில்வப்பிஞ்சுக் கசாயம் பற்றீரியாவைக் கொல்வதில் அத்துணை வல்லதாகத் தோன்றவில்லை. ஆனால் அவை குடற்கலங்களிற் பற்றிக்கொள்வதையும் சில நஞ்சுகளின் செயலையும் அது தடுத்தது. கிருமியைக் கொல்லுமா என்று மட்டும் ஆய்வுகூடத் தட்டில் வைத்துப் பார்த்தவர்கள் வில்வத்தைத் தள்ளியிருப்பார்கள்.

சிங்களத்தில் வெனிவெல்கெட்ட எனப்படும் மரமஞ்சள் மற்றோர் எடுத்துக்காட்டு. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பேர்பெரின் என்னும் அற்கலோயிட்டைப் பங்களாதேசத்தில் நோயாளருக்குக் கொடுத்துச் சோதித்து 1987இல் முடிவு வெளியிட்டனர். நஞ்சூட்டும் ஈ. கோலைப் பற்றீரியாவால் வந்த வயிற்றோட்டத்தில் போக்கு நன்கு குறைந்தது. கொலராவிலோ பயன் சொற்பமே. இன்னொன்று அமேசன் காட்டுக்குரியது. அங்கே ஒரு மரத்தைக் கீறினால் இரத்தம்போற் சிவந்த பால் வடியும். வயிற்றோட்டத்துக்கு அதனைப் பழங்குடியினர் உண்டு வந்தனர். அதிலிருந்து பெற்ற குரோபெலெமர், குடற்கலத்தினின்று குளோரைட்டு வெளியேறும் வாயில்களை அடைக்கிறது. எச்.ஐ.வி. நோயாளருக்கு வரும் வயிற்றோட்டத்துக்கென 2012இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. மூலிகை மருந்தாகலாம் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் ஆண்டுதோறும் வயிற்றோட்டத்தால் இறக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் வீட்டுவாசலை அது எட்டவில்லை.

எங்கள் நாட்டு மருந்து பற்றிப் பெருமை பேசும் கட்டுரைகளில் நான் காணும் குறை ஒன்றுண்டு. மாதுளந்தோலின் துவர்ப்பு போக்கைக் கட்டும் என்பர். கட்டுவதையே குணமாக்குதல் என்று கொள்வர். இரண்டும் ஒன்றல்ல. பழைய வயிற்றுக்கட்டு மருந்துகள் சிலவற்றில் அபின் சேர்ந்தது. அது குடலின் அசைவை அடக்கும், போக்கும் நிற்கும். ஆயின் நின்றுபோன குடலுள்ளே நீர் தேங்கிக் கிடக்கக் குழந்தையின் நாடி தளர்ந்துகொண்டே போகலாம். இரத்தமும் சளியும் கலந்து போகும் வயிற்றுளைவில், கட்டுவது கிருமியை உள்ளே பூட்டிவைப்பதற்கு ஒப்பு.

எங்கள் முன்னோரின் மெய்யான மருந்து மருந்துப் பெட்டியில் அன்று, அடுப்பில் இருந்தது என்றே நான் எண்ணுகிறேன். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது என் தமையனுக்கு வயது ஒன்று. பாடசாலைக் கட்டடமொன்றில் ஒண்டியிருந்த நாட்களில் அவனுக்கு வயிற்றோட்டம் கண்டது. கையிலிருந்த இரண்டு ஜீவனிப் பொதிகளும் முடிந்தன. அம்மம்மா அரிசியைக் குழையக் காய்ச்சி, உப்பிட்டு, ஆற்றி, கரண்டி கரண்டியாக இரவு முழுவதும் ஊட்டினார். எவரும் தடுக்கவில்லை, தடுத்திருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார். அரிசிமாக் கரைசல் குளுக்கோசுக் கரைசலுக்கு ஈடாகும் என டாக்கா ஆய்வாளர் 1982இலேயே எழுதியிருந்தனர். கொலராவில் போக்கின் அளவையும் அது குறைப்பது பின்னர் தெளிவாயிற்று. மாச்சத்து மெல்ல மெல்லக் குளுக்கோசாக உடைந்து வாயிலைத் திறந்துகொண்டே இருப்பதுதான் காரணம். அவித்த வாழைக்காயைச் சோற்றுடன் குழைத்துக் கொடுத்தால் நாட்பட்ட வயிற்றோட்டம் விரைந்து தணிகிறது என்பதும் 2001இல் அதே நகரத்திலிருந்து வந்த முடிவு. செரியாத மாவைப் பெருங்குடலின் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்ய, அங்கே உண்டாகும் அமிலங்கள் உப்பையும் நீரையும் உள்ளிழுக்கத் துணைசெய்கின்றன. 2004 முதல் உலக சுகாதார நிறுவனம் பத்து முதல் பதினான்கு நாள் வரை நாகச்சத்தும் கொடுக்கச் சொல்கிறது. கஞ்சியும் வாழைக்காயும் மூலிகை நூல்களில் பெரிதாகப் பேசப்படுவதில்லை. அவற்றிற் பெருமையடிக்க என்ன இருக்கிறது?

தமிழ் கற்கும் மாணவருக்கு இத்துறையில் ஒரு பணி உண்டு; அது மருத்துவபீடத்தாரால் தனித்துச் செய்ய இயலாதது. யாழ்ப்பாண அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரமும் பரராசசேகரமும் செய்யுள் நூல்கள். செய்யுளில் மரத்தின் பெயர் எதுகைக்கும் மோனைக்கும் வளைந்து நிற்கும். என் அம்மம்மா சொன்ன 'பாலைப்பட்டை'யையே எடுத்துக்கொள்வோம். வன்னிக் காட்டில் பழம் உண்ணும் பாலை வேறு, வெட்பாலை வேறு, குடசப்பாலை வேறு, ஏழிலைப்பாலை வேறு. இவற்றுள் குடசப்பாலையின் பட்டையிலுள்ள கொனெசின் அமீபாச் சீதபேதிக்கு ஒருகாலத்தில் மேலை மருத்துவர்களாலும் பயன்படுத்தப்பட்டது. சரக்குக் கடைகளிலோ அதனுடன் வெட்பாலை கலந்துவிடுவது வழக்கம். எந்தப் பாலை என்று அறியாமல் எந்த ஆய்வுகூடம் எதைச் சோதிப்பது?

அம்மம்மாவிடம் கேட்டேன். கடுங்கசப்பு என்றார். கசப்பால் பழப்பாலை விலகிற்று. குடசப்பாலையும் ஏழிலைப்பாலையும் எஞ்சின. இலை எப்படி, பூ எப்படி என்று வினவினேன். அவர் பட்டையை மட்டுமே கண்டவர். மரத்தைக் கண்டவர் பரியாரியார். அவருடைய ஏடுகள் 1995இல் வீட்டோடு போயின.