வானத்தைக் கேட்க வந்தவர்கள்

பல்கலைக்கழக அறிவு பொதுமக்களைச் சென்றடைய வேண்டுமென்று மேடைகளிற் பேசப்படும் போதெல்லாம் எனக்கு அலெக்சாந்தர் வொன் ஹம்போல்ட்டின் நினைவே வரும். ஏறத்தாழ இருபதாண்டுகள் பாரிஸில் வாழ்ந்து, தம் பயண நூல்களிற் பெரும்பாலானவற்றைப் பிரெஞ்சு மொழியில் எழுதியவர் அவர். 1827இல் தாயகம் திரும்பியதும், பேர்லின் பல்கலைக்கழகத்தில் வானையும் பூமியையும் பற்றித் தம் மக்களின் ஜேர்மன் மொழியிலேயே விரிவுரையாற்றத் தொடங்கினார். கட்டணம் இல்லை. நவம்பரில் ஆரம்பித்த விரிவுரைகள் அறுபதைக் கடந்து அடுத்த ஏப்ரில் வரை நீண்டன. ஆர்வலர் பெருகவே, டிசம்பரில் 'சிங்அக்கடமி' என்னும் இசைக் கழகத்தின் மண்டபத்தில் பொதுமக்களுக்கென மற்றொரு வரிசையையும் தொடங்கினார். அரசர் முதல் தலைமை மேசன் வரை வந்திருந்தனர் என்பர்.

அம்மண்டபத்திற் பெண்களும் பெருந்தொகையினராய் அமர்ந்திருந்தனர் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறைப்படி மாணவராக ஏற்றுக்கொண்டது 1908இலேதான். அவையில் இருந்தவர்களுள் ஒருவர் ஃபானி மெண்டல்சோன். இசை வல்லுநரான இவருடைய பாட்டுக்கள் சில, தம்பி ஃபீலிக்ஸின் பெயரிலேயே அச்சேறிய காலம் அது. பெண்கள் விஞ்ஞானம் கேட்கப் போவதைக் கண்டு நகைத்த ஆடவரை அவர் பொருட்படுத்தவில்லை. கிடைத்த வாய்ப்பை எண்ணி மகிழ்ந்து கடிதம் எழுதினார். "இவர்களுக்கு இதெல்லாம் விளங்குமா?" என்று இன்றும் கேட்கிறார்களே படித்த பெருமக்கள், அந்த நகைப்பின் வாரிசுகள்தாம் அவர்கள்.

விளங்குமா என்பதற்கு என் வகுப்பிலிருந்தே ஒரு சான்று தருவேன். புறநானூற்றின் 30ஆம் பாட்டைப் படிப்பித்துக் கொண்டிருந்தேன். ஞாயிற்றின் செலவையும் வானத்தின் நிலையையும் நேரிற் சென்று அளந்தவர்போலச் சொல்வோர் அப்பாட்டில் வருகின்றனர். பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி, "போகாமல் எப்படி அளந்தவை, சேர்?" என்றாள். நானோ தமிழ் படித்தவன். இருந்தும், கட்டைவிரலை முன்னே நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னேன். விரல் இடம் பெயர்வதைக் கண்டு வகுப்பே சிரித்தது. பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாத இடைவெளியிற் பார்க்கையில் அண்மையிலுள்ள விண்மீனும் இவ்வாறே சிறிது பெயர்ந்து தோன்றும். அந்தக் கோணத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கலாம் என்றேன். 1838இற்றான் பெசல் என்னும் ஜேர்மானியர் இம்முறையால் ஒரு விண்மீனின் தூரத்தை நம்பத்தக்கவாறு கண்டார். ஹம்போல்ட் மண்டபத்திற் பேசிய நாளில் அவரிடமுங்கூட அதற்கு விடை இருக்கவில்லை.

மாணவியின் தகப்பனார் கடற்றொழிலாளி. கார்த்திகைக் கூட்டத்தின் சாய்வைக் கண்டு இரவின் நேரத்தைச் சொல்லக்கூடியவர். விரல் வித்தையை அவருக்கும் காட்டியிருக்கிறாள். மறுநாள் அவருடைய கேள்வியோடு வந்தாள்: "அந்த மீனும் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் கணக்குப் பிழைக்காதோ?"

ஆராய்ச்சியாளர் கேட்க வேண்டிய கேள்வி! பெசல் தேர்ந்த விண்மீன் உண்மையிலேயே ஓடுவதுதான். மற்றவற்றினும் விரைவாக நகர்வதால் அது அண்மையில் இருக்கக்கூடுமென்று கருதியே அவர் அதைத் தேர்ந்தார். சொந்த ஓட்டம் ஒரே திசையிற் போய்க்கொண்டேயிருக்கும். பூமியின் சுற்றால் வரும் பெயர்ச்சியோ ஆண்டுக்கொருமுறை போய்த் திரும்பும். ஆகவே இரண்டையும் பிரித்தெடுக்கலாம். இதை ஒரு தாளில் எழுதி, படமும் வரைந்து, தகப்பனாரிடம் சேர்க்கும்படி மாணவியிடம் கொடுத்தனுப்பினேன்.