எரியாத சிவப்பு விளக்கு

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வரும் பழமொழி. அதன் முழுப் பொருளையும் எங்கள் வீட்டுப் பழைய கார் எங்களுக்குக் கற்றுத் தரும் என்று நாங்கள் ஒருபோதும் எண்ணியதில்லை.

எங்கள் இல்லம் விருதுநகரில் உள்ளது. அப்பாவுக்குச் சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையின் அலுவலகத்தில் கணக்கு வேலை. 1996-ஆம் ஆண்டு தாத்தா வாங்கிய டீசல் அம்பாசிடர் கார்தான் இன்றும் எங்கள் குடும்ப வாகனம். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்னும் ஊரில் நடந்து வந்த அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. எனவே தெருப் பிள்ளைகள் அதனைக் "கிழவி" என்று கேலி செய்வார்கள். எங்களுக்கோ அது தாத்தாவின் நினைவு.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நள்ளிரவு, அப்பத்தாவுக்குத் திடீரென்று மூச்சுத் திணறல் ஏற்பட்டது. அப்பா ஓடிச் சென்று காரின் சாவியைத் திருப்பினார். "டக், டக்" என்ற ஓசையைத் தவிர வேறொன்றும் இல்லை. அக்கம்பக்கத்தார் எழுந்து வந்து தெருக்கோடி வரை தள்ளியும் கார் கிளம்பவில்லை. பிறகு 108 வண்டி வந்துதான் அப்பத்தாவை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. இறைவன் அருளால் அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அந்த அரை மணி நேரத்தை மட்டும் எங்களால் இன்றும் மறக்க முடியவில்லை.

பேட்டரி கிழடாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பா 6,800 ரூபாய் கொடுத்துப் புதிய பேட்டரி வாங்கி மாட்டினார். ஐந்து வாரம் கழிந்தது. ஒரு நாள் காலையில் மறுபடியும் அதே "டக், டக்". கடைக்காரரிடம் கொண்டுபோனால், "பேட்டரியில் குறை இல்லை. இரவில் யாரோ உள் விளக்கை எரியவிட்டிருக்கிறீர்கள்" என்று கூறிவிட்டார்.

அந்த ஒரு சொல்தான் எங்கள் வீட்டில் தீயை மூட்டியது. ஏழாம் வகுப்பில் படிக்கும் எங்கள் தங்கைக்கு, மாலை நேரத்தில் காருக்குள் அமர்ந்து, உள் விளக்கைப் போட்டுக்கொண்டு பாடம் படிக்கும் பழக்கம் உண்டு. "நான் அணைச்சிட்டுத்தான் இறங்குனேன் அப்பா" என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அப்பா நம்பவில்லை. அப்பத்தா பட்ட பாட்டை நினைத்த ஆத்திரத்தில் அவளை அடித்தும்விட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், நாங்களும் அவளை நம்பவில்லை. அன்று முதல் அவள் காரில் ஏறவே இல்லை. ஞாயிறு பூசைக்குக்கூட அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள்.

அச்சமயம் எங்கள் வகுப்பில் மின்னோட்டவியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்று சிஸ்டர் கரும்பலகையில் எழுதினார்கள். உடனே எங்களுக்கு அந்தக் கார் விளக்கின் நினைவு வந்தது. அது 5 வாட் பல்பு. பேட்டரி 12 வோல்ட். வகுத்தால் 0.42 ஆம்பியர். இரவு முழுவதும் 10 மணி நேரம் எரிந்தாலும் 4.2 ஆம்பியர்-மணிதான் செலவாகும். பேட்டரியின் கொள்ளளவோ 75 ஆம்பியர்-மணி! 75-இல் ஏறக்குறைய 4 போனால் 71 மீதம் இருக்க வேண்டாமா? நிறைந்த பேட்டரியை அச்சிறு விளக்கு வெறுமையாக்க ஒரு வாரமாவது விடாமல் எரிய வேண்டும்.

கணக்கைச் சிஸ்டரிடம் காட்டினோம். அவர்கள் இரு முறை சரிபார்த்துவிட்டு, "கணக்கு சரி. ஆனால் கணக்கு சந்தேகத்தைத்தான் கொடுக்கும். அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்" என்று கூறி, ஆய்வகத்து மல்டிமீட்டரை ஒரு நாளைக்கு எங்களிடம் ஒப்படைத்தார்கள்.

சனிக்கிழமை, அப்பாவை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு, கார் எலக்ட்ரிக் வேலையில் பழுத்த அனுபவம் பெற்ற அண்ணாச்சி ஒருவரிடம் சென்றோம். அவர் முதலில் செய்த காரியம், அங்கு நின்றவர்களை எல்லாம் பீடியை அணைக்கச் சொன்னதுதான். பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதற்கு ஒரு பொறி போதும். பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குள் நுழைவதற்கு முன், உடலில் சேர்ந்துள்ள மின்னூட்டத்தைப் போக்கச் செம்புத் தகட்டைத் தொடும் வழக்கத்தை அப்பா எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். பொறியின் அருமையும் ஆபத்தும் நம் வட்டாரத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை அல்லவா?

பிறகு அண்ணாச்சி பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து, ஹைட்ரோமீட்டரால் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தார். நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரியில் ஒப்படர்த்தி 1.260 அளவில் இருக்கும். எங்களுடையதில் ஆறு அறைகளிலும் 1.150-தான் இருந்தது. "ஒரு செல் மட்டும் கீழ கெடந்தா பேட்டரிக்குச் சீக்கு. ஆறும் ஒண்ணுபோலக் கெடந்தா பேட்டரிக்குப் பசி" என்று அவர் சிரித்தார்.

பேட்டரியை இரவு முழுவதும் மெதுவாகச் சார்ஜ் ஏற்றினார். மறுநாள் பூசை முடிந்து சென்றோம். எஞ்சின் ஓடாத நிலையில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. அது சரியான அளவு. அடுத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை வைத்துக் கசிவைப் பார்த்தோம். 0.02 ஆம்பியர்தான். எனவே இரவில் பேட்டரியை எதுவும் குடிக்கவில்லை. அதன்பின் எஞ்சினை ஓடவிட்டு, முன் விளக்குகளையும் போட்டு அளந்தோம். ஆல்டர்னேட்டர் வேலை செய்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். எங்கள் மீட்டரோ 12.2 காட்டி, மேலும் இறங்கிக்கொண்டே போயிற்று!

புதிர் பாதி அவிழ்ந்தது. பேட்டரி என்பது ஒரு தொட்டி. ஆல்டர்னேட்டர்தான் அதில் நீர் ஊற்றும் பம்பு. பம்பு ஊற்றாதபோது தொட்டியை மாற்றி என்ன பயன்? எங்கள் காரைப் போன்ற பழைய டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஒரு முறை கிளம்பிவிட்டால், பேட்டரி காலியானாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஓடும்போது குறை தெரியாது. நிறுத்தி, மறுபடி சாவியைத் திருப்பும்போதுதான் தெரியும்.

அண்ணாச்சி பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். இறுக்கமாகவே இருந்தது. பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெண்பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்தார். எர்த் வயரையும் பார்த்தார். மாற்றம் இல்லை. கடைசியாக அப்பாவிடம், "சாவியைத் திருப்புங்க, எஞ்சினைக் கிளப்ப வேண்டாம்" என்றார். குனிந்து பார்த்துவிட்டு, "பேட்டரி சிவப்பு லைட்டு எங்கே எரியுது?" என்று கேட்டார்.

"அது எரியறதே இல்லை அண்ணாச்சி. எரியாட்டி நல்லதுதானே?" என்றார் அப்பா.

அங்கேதான் இருந்தது குறை! சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு அணைய வேண்டும். காந்தப் புலத்தின் மாற்றத்தால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831-இல் பாரடே கண்டறிந்தார். ஆல்டர்னேட்டர் அந்த விதிப்படியே இயங்குகிறது. ஆனால் அதனுள் இருப்பது மின்காந்தம். அது விழித்தெழ முதலில் சிறிதளவு மின்னோட்டம் வேண்டும். எங்கள் காரில் அந்த மின்னோட்டம் சிவப்பு விளக்கின் வழியாகத்தான் செல்கிறது. பல்பு பியூஸ் ஆனதால் வழி அடைபட்டது. மதுரைக்கு நான்கு வழிச் சாலையில் வேகமாகப் போகும் நாட்களில், எஞ்சியிருக்கும் காந்தத்தால் அது சில வேளை தானே விழித்துக்கொள்ளும். ஊருக்குள்ளும் சிவகாசி நெரிசலிலும் மெதுவாக ஊரும்போது உறங்கிவிடும். பேட்டரி ஐந்து வாரம் தாக்குப்பிடித்த மர்மம் இதுதான்.

20 ரூபாய்க்கு ஒரு சிறு பல்பு வாங்கி மாட்டினார். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் கிளம்பியதும் அணைந்தது. மீட்டர் 14.1 வோல்ட் காட்டியது. அப்பா நெடு நேரம் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு குடும்ப செபமாலை முடிந்ததும், அப்பா எங்கள் தங்கையை அருகில் அழைத்து, "அப்பாவை மன்னிச்சிரும்மா" என்றார். நாங்களும் மன்னிப்புக் கேட்டோம். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, "இனிமே கார்ல உட்கார்ந்து படிக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். இப்போதெல்லாம் அப்பா சாவியைத் திருப்பும்போது அவள்தான் எட்டிப் பார்த்து, "எரியுதுப்பா" என்பாள். கிளம்பியதும், "அணைஞ்சிருச்சுப்பா" என்பாள்.

மல்டிமீட்டரைத் திருப்பிக் கொடுத்தபோது நடந்ததை எல்லாம் சிஸ்டரிடம் சொன்னோம். அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி அவர்கள் எங்களுக்குக் கூறினார்கள். 1953-இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தில் பேட்டரிகளைப் பற்றியும் ஆராய்கிறார்களாம். நம்மில் சிலர் நாளை அங்கே சென்று பணியாற்ற வேண்டும் என்பது சிஸ்டரின் ஆசை. எங்கள் ஆசையும் அதுவே.

அன்புத் தோழியரே! விளக்கில் எண்ணெய் இன்றி நின்ற ஐந்து கன்னியரின் உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். எங்கள் கார் அதனோடு இன்னொரு பாடத்தையும் சொல்லித் தந்தது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் குறை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. விளக்கே அணைந்துபோயிருக்கலாம். நம் மனச்சாட்சியும் அத்தகையதே. ஒரு சிறுமியைக் குற்றவாளியாக்கியபோது எங்களில் ஒருவருக்கும் உள்ளம் உறுத்தவில்லையே! ஆகவே, பிறர்மேல் பழி சுமத்துமுன் அளந்து பார்ப்போம். அதற்கும் முன்பாக, நமக்குள்ளே இருக்கும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று நாள்தோறும் பார்த்துக்கொள்வோம்.