சிவப்புச் சதுரமும் சிவப்பு மையும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்த அன்று மாலை, பேசாலையிலுள்ள நம் மாணவி ஒருத்தியிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. சொல் ஒன்றுமில்லை. சிவப்புச் சதுரத்தினுள் ஒரு கூரை, அதன்கீழ் ஒரு கோடு, அதற்குங் கீழே ஒரு பெட்டி என வெள்ளையில் வரைந்த அடையாளம் மட்டுமே. இருபது ஆண்டுகளாகச் சிவப்பு மையால் பிழைகளைச் சுழித்துப் பழகிய நமக்குப் பொருள் உடனே விளங்கிவிட்டது! "மனந்தளராதே பிள்ளை, அடுத்த முறை எழுதலாம்" என்று ஆறுதல் விடுத்தோம்.

அரை மணிக்குள் அவள் தாயார் அழைத்தார். குரல் நடுங்கிற்று. "சேர், பிள்ளை பாஸ் எண்டு சொல்லுறாள். நீங்கள் இப்பிடி எழுதியிருக்கிறீங்கள். எது சேர் உண்மை?" தகப்பனார் அப்போது கடலில். அவர் கரையேறுமுன் உண்மை தெரியவேண்டுமே என்று அத்தாய் தவித்தார்.

அவ்வடையாளம் ஜப்பானிய எழுத்தாம். பொருந்துதல் என்பது அதன் பொருள். பரீட்சையில் தேறுதலைக் குறிக்கும் 'கோகக்கு' என்னுஞ் சொல்லின் முதலெழுத்தாதலால், 'சித்தி' என்பதற்குச் சுருக்கமாக நிற்கிறது. மாணவி கைப்பேசியில் 'பாஸ்' என்று தேட, அது இதனை எடுத்துக் கொடுத்திருக்கிறது. ஜப்பானியக் கைப்பேசிகளில் வழங்கிய இத்தகைய அடையாளங்கள் பல, 2010இல் யூனிக்கோட் என்னும் உலகப் பொது எழுத்துத் தரத்துட் சேர்ந்தன. 'எமோஜி' என்பதே பட எழுத்து எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல்தான். ஆங்கில 'எமோஷ'னுக்கு அது உறவன்று.

நம்மைத் தலைகுனிய வைத்தது வேறொன்று. ஜப்பானிய ஆசிரியர்கள் சரியான விடைக்கே சிவப்பு மையால் வட்டமிடுவராம். நாம் தாராளமாக இடும் 'சரி'க் குறியோ அங்கே பெரும்பாலும் பிழையைக் காட்டுமாம். நாம் திருத்திய தாள்களை ஒசாக்காவிலே கொடுத்தால் முதல் மாணவன் கடைசி மாணவனாவான்!

அன்றிரவே பேசாலைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். தாயார் தேநீர் தந்தார். ஒரு சொல்லுங் குறை கூறவில்லை. அது வசையினுங் கடினமாயிருந்தது. மாணவிதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பல மாதங்கள் கழிந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து அவள் ஒரு நீலச் சதுரம் அனுப்பினாள். உள்ளே மற்றோர் ஜப்பானிய எழுத்து. இம்முறை நாம் ஊகிக்க முனையவில்லை. "இது என்ன பிள்ளை?" என்று கேட்டோம்.

"'இடமுண்டு' எண்டு அர்த்தம், சேர். ஜப்பானிலை வாகனம் நிறுத்துற இடங்களிலை போடுவினமாம். எனக்கு விடுதியிலை அறை கிடைச்சிட்டுது."