பேன் நுவாரும் கொடைக்கானல் பைனும்

புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது பூகோளப் பாடத்தில் ஒரு மரம் வந்தது. பெயர் 'பேன் நுவார்'. பைன் மரத்தைப் பிரெஞ்சில் 'பேன்' என்றுதான் உச்சரிப்பார்கள். நுவார் என்றால் கறுப்பு. கறுப்புப் பேன்! தமிழ்ப் பையன்கள் நாங்கள் நாலைந்து பேர் பெஞ்சுக்கடியில் குனிந்து சிரித்தோம். வாத்தியாருக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை.

ஆனால் பாடம் நல்ல பாடம். பிரான்ஸின் தெற்கே வாந்தூ என்று ஒரு மலை, 1,900 மீட்டருக்கு மேல் உயரம், சுண்ணாம்புக்கல் மலை. கப்பல் கட்டவும் கரி சுடவும் மரத்தை வெட்டி, மிச்சத்தை ஆடுகளுக்கு விட்டு, நூற்றாண்டுக் கணக்கில் அதை மொட்டையாக்கிவிட்டார்கள். மலைகளில் மறுபடி காடு வளர்க்க 1860இல் சட்டமே போட்டார்கள். சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் தங்காது, விரிசல் வழியே கீழே போய்விடும். மேலே இருப்பதோ விரற்கடை மண். அதிலும் வேர் பிடித்து, பனியையும் வறட்சியையும் தாங்கும் என்று ஆஸ்திரியக் கறுப்புப் பைனைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்து மலைகளில் ஏராளமாக நட்டார்கள். மரம் பிழைத்தது, மண்ணும் நின்றது. பாடம் அதோடு முடிந்தது.

பாடத்தில் இல்லாத மீதிக் கதையை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். தெற்குப் பிரான்ஸில் இயற்கையாகவே வளரும் ஒரு கறுப்புப் பைன் உண்டு. சால்ஸ்மான் பைன் என்பார்கள். சேன்-கிலெம்-லெ-தெஸேர் என்ற பழைய மடத்து ஊருக்கு மேலே, பாறை இடுக்குகளில் இன்னும் நிற்கிறது. இப்போது அதற்குக் கோடரியை விடப் பெரிய பயம், பங்காளி. ஆஸ்திரியப் பைனின் மகரந்தம் காற்றில் வந்து கலக்கிறது. விதை விழுகிறது, கன்று முளைக்கிறது, ஆனால் பழைய இனம் தேய்ந்துகொண்டே போகிறது. மலையைக் காக்க வந்த மரம் மலையின் சொந்த மரத்தை விழுங்கப் பார்க்கிறது.

இதைப் படித்ததும் எனக்குக் கொடைக்கானல்தான் கண்ணில் வந்தது. மே மாதம் நம் காரைக்குடியிலிருந்து போகிற வேன் எல்லாம் பைன் காட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டுதான் திரும்புகிறது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தென்னிந்திய மலைகளுக்குப் பைன் சொந்தமே அல்ல; அங்கே நிற்பது மெக்சிகோ மரம். பழனி மலையின் உச்சிக்கு உரியவை பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியும். யாரோ மரத்தை வெட்டியதால் வந்த புல்லல்ல அது, பல்லாயிரம் ஆண்டாக அங்கே இருப்பது. வரையாடு மேய்வதும் அதில்தான்.

அரசாங்கக் கணக்கில் புல்லுக்கு என்றைக்கும் மரியாதை கிடையாது. நான் வேலை பார்த்த காலத்தில் மரமும் பயிரும் இல்லாத நிலத்துக்கு இரண்டே பெயர்தான்: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. மலையையும் அப்படித்தான் பார்த்தார்கள் போலிருக்கிறது. வெள்ளைக்காரர் தொடங்கிவைத்ததைச் சுதந்திரத்துக்குப் பிறகு நம் வனத்துறை பெரிய அளவில் செய்தது. பைன், தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில், நம் பக்கம் ஆர்.எஸ்.பதி என்கிறோமே, அந்தத் தைலமரம். 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது.

நமக்கென்ன என்று கேட்கலாம். மஞ்சளாறும் வராக நதியும் அந்த மலையில் பிறந்து வைகையில் சேர்கின்றன. வைகை நம் மாவட்டத்தில் திருப்புவனம், மானாமதுரை வழியாக வருகிறது. 'வந்தால்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மழையைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் புல்வெளியும் சோலையும்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடலாமா? அதுவும் சரியில்லை என்றே நினைக்கிறேன். வாட்டில் விதை மண்ணுக்குள் பல வருஷம் உறங்கும். மேலே நிழல் போய் வெயில் பட்டதும் ஒன்றுக்கு நூறாகக் கிளம்பும். வட்டக்கானலில் பல காலம் உழைத்தவர்கள் இன்னொன்றும் கவனித்தார்கள்: பழைய தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அந்த இடத்தில் வாளை வைத்தால் கன்றும் சேர்ந்து போகும்.

2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022இல் வரையாட்டுக்கென்று அரசு தனித் திட்டமே போட்டது. அதில் புல்வெளியை மீட்பதும் சேர்த்தி. எனக்குத் தோன்றுவது, மிச்சமிருக்கும் புல்லில் முதலில் கை வைக்கலாம். காற்றில் வந்து விழுந்து முளைக்கிற பைன் கன்று முழங்கால் உயரம் இருக்கும்போது கையால் பிடுங்கினாலே வந்துவிடும். பத்து வருஷம் விட்டால் அதற்கு வாள் வேண்டும், டெண்டர் வேண்டும், கோர்ட் உத்தரவும் வேண்டியிருக்கும்.