பென்சிலால் எழுதிய மிச்சம்

2024 ஜனவரியில் ஏ.எல். சோதினை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த நாட்களில், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டார். கொழும்பில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆனதும் கீரிமலைக்குத் திரும்பி வந்துவிட்டார். சின்னக் கடைகளுக்கும் கைத்தொழில் செய்பவர்களுக்கும் போனில் கணக்கு வைக்க ஆப் செய்து கொடுப்பது அவருடைய தொழில்.

"கோட் எழுத நான் காட்டித் தருவன். கடை எப்பிடி நடக்குதெண்டு நீர்தான் போய்ப் பாக்க வேணும்" என்றார். முதல் இரண்டு வாரமும் என்னைக் கணினியைத் தொட விடவில்லை.

அனுப்பியது ஒரு பனங்கட்டிக் கொட்டிலுக்கு. கீரிமலைக் கேணிக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் கடை, அதற்குப் பின்னால் ஓலை வேய்ந்த கொட்டில். அங்கே ஓர் அன்ரியும் நாலு பெண்களும் வேலை செய்கிறார்கள். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசி இறக்கிய கருப்பநீர் காலையில் வந்துவிடும். அதைக் காய்ச்சி, பதம் பார்த்து, பனையோலையில் இழைத்த குட்டான்களுக்குள் ஊற்றுவார்கள். ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு எல்லாம் அந்தந்தப் பருவத்துக்கு வரும். விற்பனை மூன்று இடத்தில்: கேணியடிக் கடை, சுன்னாகத்தில் தெரிந்தவர் கடையில் ஒரு மூலை, பிறகு ரொறன்ரோ ஸ்காபரோவில் இருக்கும் அன்ரியின் தங்கை எடுத்துத் தரும் ஓடர்கள். கோடையில் எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம். இங்கே கருப்பநீர் கொதிக்கிற நேரம் அங்கே முதல்நாள் இரவு.

அன்ரியின் சிக்கல் தயாரிப்பில் இல்லை. ஒவ்வொரு மாலையும் சுன்னாகத்துக்கு ஒரு கோல், கனடாவுக்கு ஒரு கோல், கடையில் நிற்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வி. மூன்று பதிலையும் சேர்த்தால்தான் இன்னும் எத்தனை குட்டான் கையில் இருக்கிறது என்று தெரியும். அதற்குள் யாராவது ஒருவர் இல்லாத சரக்குக்கு வாக்குக் கொடுத்திருப்பார். பெரிய நிறுவனங்கள் கிளவுட் என்று பேசும்போது எத்தனையோ வசதிகளை அடுக்குவார்கள். எனக்குத் தெரிந்து இப்படியான சின்னத் தொழிலுக்கு அதன் பெரிய பயன் ஒன்றுதான்: ஒரே கணக்குக் கொப்பியை மூன்று இடத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் விரித்து வைத்து எழுதலாம்.

புத்தகங்களில் மேகக் கணிமை என்று எழுதுகிறார்கள். பெயரில் மேகம் இருந்தாலும் சரக்கு எல்லாம் தரையில்தான். 2006இல் அமேசான் தன் கணினிகளில் இடத்தையும் கணிக்கும் வேலையையும் பிறருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. கூகுளும் மைக்ரோசொஃப்ட்டும் அதே வழியில் வந்தன. கரண்ட் பில் மாதிரி, பாவித்த அளவுக்குக் காசு. அக்கா எங்கள் கணக்கை வைத்திருப்பது மும்பையில் உள்ள ஒரு கணினி நிலையத்தில். கீரிமலைக் கரையில் நின்றால் வடக்கே கடலுக்கு அப்பால் இந்தியா. ஆனால் நாங்கள் பதியும் ஒரு குட்டானின் கணக்கு முதலில் தெற்கே இறங்கி, கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறும் கடலடிக் கேபிள்களில் ஏதோ ஒன்றைப் பிடித்து, சுற்றிக்கொண்டுதான் மும்பைக்குப் போகிறது. அந்தப் பாதையை அக்கா தாளில் கீறிக் காட்டியபோது, இதில் எங்கே அறுந்தாலும் கடை நிற்கக் கூடாது என்பது எனக்கு விளங்கியது.

இதை அன்ரிக்குச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "உது ஆற்றை வீட்டிலை இருக்குது, பிள்ளை?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் 1990 இருக்கிறது. அந்த வருடம் போரில் எங்கள் வலிகாமம் வடக்குச் சனம் எல்லாம் கையில் அகப்பட்டதோடு இடம்பெயர்ந்தது. கீரிமலை நகுலேஸ்வரம் கோயில் குண்டுவீச்சில் சிதைந்ததும் அதே வருடம்தான். அன்ரியின் தகப்பனுக்கு அப்போது இங்கே கடை இருந்தது. கடன் கொப்பி மேசை லாச்சிக்குள். பத்து நாளில் திரும்பி வரலாம் என்று நினைத்துப் பூட்டிவிட்டுப் போனவர்கள், மல்லாகம் கோணப்புலம் முகாமில் வருடக்கணக்காக இருந்தார்கள். காணி விடுபட்டு வந்து பார்த்தபோது வீடே இல்லை. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது தகப்பனோடேயே போய்விட்டது. ஆகவே கணக்கு ஓரிடத்தில் மட்டும் இருப்பதை அன்ரி நம்ப மாட்டார். அந்த இடம் மும்பை என்றாலும் ஒன்றுதான்.

அவருடைய பயம் சரியானது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் சொந்தக் கிளவுட்டையே ரான்சம்வேர் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்துபோயின. அந்தக் காலத்துக்கு வேறு பிரதி வைத்திருக்கவில்லை. இன்னொருவரின் கணினியில் ஏற்றியதோடு பாதுகாப்பு வந்துவிடுவதில்லை, இரண்டாவது பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தவருக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்து எரிந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து பலரும் எடுத்து வைத்துக்கொள்ளும்படி இணையத்தில் போடுவதை நான் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் சரியான கண்ணோடு பார்த்தேன். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் எங்கள் கணக்கின் முழுப் பிரதி ஒன்று அன்ரியின் பென்டிரைவில் இறங்குகிறது. அது என் பொறுப்பு. ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை.

மே மாதம் நான் முதல் ஆப்பை எழுதினேன். திரையில் ஒரு பெரிய எண்: இருப்பு. விற்றால் குறையும், காய்ச்சினால் கூடும். மூன்று போனிலும் ஒரே எண். சுன்னாகத்தில் ஒன்று பதிந்ததும் கேணியடியில் எண் மாறுவதைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோசம். கனடாத் தங்கை வீடியோ கோலில் கைதட்டினார்.

பிறகு ஆடி அமாவாசை வந்தது. ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. தகப்பன் இல்லாதவர்கள் கீரிமலையில் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்யும் நாள். குடாநாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் சனம் வரும். விடியமுன்னமே கடற்கரையும் கேணியும் நிறைந்துவிட்டன. அத்தனை பேரின் கையிலும் போன். சிக்னல் கோபுரத்தால் தாங்க முடியவில்லை. எங்கள் கடையில் டேட்டா அறவே நின்றுவிட்டது.

கடைப் போன் கடைசியாகப் பார்த்த இருப்பு 240. மத்தியானத்துக்குள் கடையில் 86 குட்டான் விற்றது. போன் தன் கணக்கில் 154 என்று குறித்து வைத்துக்கொண்டது. அதே நேரத்தில் சுன்னாகத்துக்கு 40 குட்டான் ஏற்றி அனுப்பிவிட்டு, அங்கிருந்த போனில் பதிந்தார்கள். மும்பையில் எண் 200 ஆனது. பின்னேரம் சனம் கலைந்து டேட்டா வந்ததும், கடைப் போன் தன் 154ஐக் கொண்டுபோய் 200இன் மேல் எழுதியது. கடைசியாக வந்தது எதுவோ அதுவே நிற்கும் என்றுதான் நான் எழுதியிருந்தேன். உண்மையில் கொட்டிலில் இருந்தது 114. கனடாத் தங்கை 154ஐப் பார்த்து, அடுத்த நாள் கனடாவுக்குப் பறக்கிற ஒருவரின் கையில் ஒரு கலியாண வீட்டுக்கு 150 கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

அன்று இரவு அன்ரி எண்ணி முடித்து 36 குறைகிறது என்றபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாலு பெண்களில் யாரோ கணக்கில்லாமல் கொடுத்துவிட்டதாகப் பேச்சு வருமோ என்பதுதான் பெரிய பயம். பிழை என்னுடையது, ஆப்பினுடையது என்று அங்கேயே சொன்னேன். அன்ரி ஒன்றும் சொல்லாமல் தன் கொப்பியை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். சி.ஆர். கொப்பி. அட்டையில் பாகு ஒட்டிக் காய்ந்திருந்தது.

"இஞ்சை பார் பிள்ளை. வந்ததும் போனதும் பேனையாலை. மிச்சம் பென்சிலாலை."

ஒவ்வொரு வரியும் ஒரு சம்பவம். சுன்னாகம் 40. கடை 6. கடை 11. காய்ச்சினது 52. நீல மையில், வெட்டோ திருத்தமோ இல்லாமல். பக்கத்தின் அடியில் மட்டும் பென்சிலில் ஓர் எண். அது ஒவ்வொரு இரவும் மேலே உள்ளவற்றைக் கூட்டிக் கழித்துப் போடுவது. பிழைத்தால் அழித்துவிட்டுத் திரும்பக் கூட்டலாம். நான் அவருடைய கொப்பியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பென்சிலால் எழுதுவதை மட்டும் எடுத்து, மையால் எழுதுவதை விட்டுவிட்டிருந்தேன்.

விடிந்ததும் அக்காவிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதைத்தான் நான் உமக்குப் பிறகு சொல்லித் தர இருந்தனான். அன்ரி முந்திட்டா" என்றார். வணிகர் கணக்கெழுதும் முறையை லூக்கா பச்சோலி 1494இல் வெனிஸில் அச்சிட்ட நூல் விளக்குவதையும் அன்றுதான் சொன்னார். அங்கேயும் முதலில் நடந்ததை நடந்தபடி நாள்வாரியாக எழுதுவார்கள், மிச்சம் பிறகு வருவது. அன்ரி அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவருக்குத் தகப்பன் காட்டிக் கொடுத்தது.

நான் ஆப்பை முதலிலிருந்து எழுதினேன். இரண்டு மாதம் எடுத்தது. இப்போது எந்தப் போனும் இருப்பை எழுதுவதில்லை. விற்பனை ஒவ்வொன்றும் ஒரு வரியாகப் போனுக்குள்ளேயே பதிவாகும். அதற்கு எஸ்.க்யூ.லைட் என்ற சின்னத் தரவுத்தளம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது, இன்று நம் கையிலுள்ள ஸ்மார்ட்போன் எல்லாவற்றிலும் இருக்கிறது. டேட்டா இல்லாவிட்டாலும் கடை நடக்கும். சிக்னல் வந்ததும் வரிகள் வரிசையாக மும்பைக்குப் போகும், மற்றவர்களின் வரிகள் இங்கே இறங்கும். வரிகளைக் கூட்டினால் இருப்பு. இரண்டு போன் ஒரே நேரத்தில் எழுதினாலும் இரண்டு வரிதான் சேரும், ஒன்றை ஒன்று அழிக்காது.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. வரி போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் சேர்ந்தது என்ற பதில் வரமுன் சிக்னல் அறுந்துவிடும். போன் திரும்பவும் அனுப்பும். ஒரு விற்பனை இரண்டாகிவிடும். அக்கா சொன்னபடி, ஒவ்வொரு வரிக்கும் பிறக்கும்போதே ஓர் இலக்கம் கொடுத்தேன்: எந்தப் போன், அதில் எத்தனையாவது வரி. ஏற்கெனவே வந்த இலக்கம் திரும்ப வந்தால் மும்பை அதை எண்ணாது. இந்த ஒன்றை விளங்கிக்கொள்ள எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்களை அனுபவித்த ஊரில், சிக்னல் எப்போதும் இருக்கும் என்று நம்பி ஆப் எழுதவே கூடாது.

கார்த்திகையில் கடைப் பிள்ளையின் போன் கேணிக்குள் விழுந்தது. எடுத்தபோது உயிர் இல்லை. வேறொரு போனில் அவருடைய பெயரால் உள்ளே போனதும், ஆறு நிமிடத்தில் எல்லாக் கணக்கும் வந்து நின்றது. அன்று காலை சிக்னல் வரமுன் விற்ற மூன்று மட்டும் போய்விட்டன. அவற்றை அன்ரியின் கொப்பியிலிருந்து எடுத்துப் பதிந்தோம். தகப்பனின் மேசை லாச்சியைப் பற்றி அன்ரி அன்றைக்குத்தான் எனக்கு விரிவாகச் சொன்னார்.

தொழில் நடத்தும் நீங்கள் இப்படியான ஆப் வாங்கப் போனால், செய்து தருபவரின் முன்னாலேயே போனில் டேட்டாவை நிற்பாட்டிவிட்டு இரண்டு போனில் ஒரே சரக்கை விற்றுப் பாருங்கள். பிறகு டேட்டாவைப் போட்டு எண் சரியா என்று பாருங்கள். உங்கள் முழுக் கணக்கையும் எந்த நேரத்திலும் நீங்களே இறக்கி எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். இரண்டில் ஒன்று சரிவராவிட்டாலும் வாங்க வேண்டாம்.

2025 ஆடி அமாவாசை ஜூலை 24இல் வந்தது. அன்றும் டேட்டா நின்றது. இரவு ஒன்பது மணிக்கு நானும் அன்ரியும் கொட்டிலில் இருந்து ஒத்துப் பார்த்தோம். ஆப்பில் 63, கொப்பியில் 61. நெஞ்சு பதறியது. அன்ரி கொப்பியில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்: "உடைஞ்சது 2." சனநெரிசலில் கீழே விழுந்து உடைந்த குட்டான்களைக் கேணிக்கு வந்த சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். அதைப் பதிய ஆப்பில் இடமே இருக்கவில்லை. அடுத்த நாள் காலை ‘உடைவு’ என்று ஒரு பொத்தான் சேர்த்தேன்.