மீண்டு வந்த தளபதி

படைவீரன் ஒருவன் ஓர் அரசின் சீருடையைப் பதினாறு ஆண்டுகள் அணிந்து, ஒரு நாட்டை அவ்வரசுக்கு வென்று கொடுப்பதில் பங்குகொண்டு, பின்னர் அதே நாட்டில் அதே அரசின் பீரங்கிக்கு இரையாவது வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று. றிச்சேட் மொன்ற்கொமெறியின் வாழ்வு அத்தகையது. அமெரிக்க சுதந்திரப் போரைப் பற்றிய நூல்களில் அவருக்கு ஓரிரு பக்கங்களே கிடைக்கின்றன. அப்பக்கங்களும் பெரும்பாலும் அவரது மரணத்தையே பேசுகின்றன. அம்மரணத்தோடு வாழவேண்டியிருந்த பெண்ணொருத்தியைப் பற்றிப் பேசுவோர் அரிது.

அயர்லாந்தின் டப்ளின் மாவட்டத்தில், சோட்ஸ் என்னும் ஊரில், 1738ஆம் ஆண்டு டிசம்பரில் மொன்ற்கொமெறி பிறந்தார். தந்தை தோமஸ் ஐரிஷ் பாராளுமன்ற உறுப்பினர். குடும்பம் அயர்லாந்தில் நிலமும் செல்வாக்கும் கொண்டிருந்த புரட்டஸ்தாந்து மேற்குடியைச் சார்ந்தது. அந்நாட்டு ஏழை உழவனின் துயரிலிருந்து முளைத்த கிளர்ச்சிக்காரராக அவரைக் காட்டுவது பிழையாகும். டப்ளின் திரித்துவக் கல்லூரியிற் சிலகாலம் பயின்றார், பட்டம் பெறவில்லை. 1756இல் பிரித்தானியப் படையின் பதினேழாவது காலாட்படைப் பிரிவிற் சேர்ந்தார்.

அதன்பின் அவரது இளமை முழுவதும் பிரான்சுக்கெதிரான போரிலேயே கழிந்தது. 1758இல் லூயிஸ்பேர்க், மறு ஆண்டு சம்பிளேன் ஏரிக்கரைக் கோட்டைகள், 1760இல் மொன்றியல், 1762இல் மாற்றினிக்கும் ஹவானாவும் என அப்படைப்பிரிவு சென்ற இடமெல்லாம் அவரும் சென்றார். ஏரி வழியாகக் கனடாவுக்குள் நுழையும் பாதையை அவர் அறிந்துகொண்டது இக்காலத்திலேதான். பதினைந்து ஆண்டுகளின் பின் அப்பாதையிலேயே எதிரியாக வரவேண்டியிருக்குமென அன்று அவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

போர் முடிந்து தாயகம் திரும்பியபின் பேர்க், பொக்ஸ், பாரே முதலிய விக் கட்சியினரோடு நட்புக்கொண்டார். குடியேற்ற நாடுகளின் குறைகளைப் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தவர்கள் இவர்களே. ஆயினும் அவர் படையை விட்டு நீங்கியமைக்கு அரசியல் மட்டுமே காரணமன்று. எதிர்பார்த்த பதவியுயர்வு கிட்டாது போயிற்று. கப்டன் பதவியை விற்றுவிட்டு 1772இல் நியூயோர்க் சென்றார். மனக்கசப்பும் கொள்கையும் எந்த அளவிற் கலந்து ஒரு மனிதனைக் கடல் கடக்கச் செய்கின்றன என்பதை அளந்து கூறுதல் எளிதன்று. வாளை மறந்து கலப்பையைப் பிடிக்க அவர் விரும்பினார் என்பது மட்டும் தெளிவு.

1773 யூலையில் ஜனற் லிவிங்ஸ்ரனை மணந்தார். முன்னைய போர்க்காலத்திலேயே அவ்விருவருக்கும் சிறிது அறிமுகம் இருந்தது. மணமகளுக்கு அப்போது ஏறத்தாழ முப்பது வயது. ஹட்சன் ஆற்றங்கரையில் கிளெமொண்ட் என்னும் பெரும் பண்ணையை உடைய நீதிபதி றொபேட் லிவிங்ஸ்ரனின் மூத்த மகள் அவர். அக்குடும்பத்தின் செல்வம் குத்தகைக் குடியானவரின் உழைப்பிலும் அடிமைகளின் உழைப்பிலும் தங்கியிருந்தது. சுதந்திரத்தைப் பற்றிப் பேசிய அவ்வீட்டில் இதுவும் இருந்தது என்பதை மறைத்தல் முறையன்று. ஜனற்றின் தம்பி றொபேட் பின்னாளில் சுதந்திரப் பிரகடனத்தை வரைய அமர்த்தப்பட்ட ஐவரில் ஒருவரானார். 1789இல் வாஷிங்ரனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவரும் அவரே.

தம்பதியர் றைன்பெக்கிற் குடியேறினர். நிலந்திருத்துவதும் மனை கட்டுவதுமாக நாட்கள் சென்றன. பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்த இல்லறம் ஈராண்டுகளே.

1775இல் போர் மூண்டது. பிரித்தானியப் படையிற் பயின்ற அதிகாரி ஒருவர் அருகில் இருக்கையில் புதிய காங்கிரஸ் அவரை விட்டுவைக்குமா? யூன் மாதத்தில் அவர் பிரிகேடியர் ஜெனரலாக நியமிக்கப்பட்டார். தயக்கத்துடனேயே ஏற்றார். அவரால் தான் என்றும் நாணித் தலைகுனிய நேராது என்று கணவர் விடைபெறும்போது கூறியதாக ஜனற் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதன்பின் இருவரும் சந்திக்கவில்லை.

தலைமைத் தளபதியாகச் சென்ற ஸ்கைலர் நோயுற்றமையால் கனடாப் படையெடுப்பின் பொறுப்பு மொன்ற்கொமெறியின் தோளில் விழுந்தது. சென் ஜோன்ஸ் கோட்டை முற்றுகை செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் 3 வரை நீடித்தது. சேறு, குளிர், நோய் ஆகியவற்றைவிட அவரை வாட்டியது தம் படையினரின் இயல்பே. கட்டளையை நிறைவேற்றுமுன் அதனை விவாதிக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. கோட்டை சரணடைந்தபோது கைதிகள் தம் உடைகளை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் வாக்களித்தார். குளிரில் நடுங்கிய தம் வீரர்களே அதனை எதிர்த்துக் குமுறினர். அவர் வாக்கு மாறவில்லை. மொன்றியலைக் கைப்பற்றியதைவிட இச்செயல் அவரது குணத்தை நன்கு காட்டுகிறது.

நவம்பர் 13இல் மொன்றியல் வீழ்ந்தது. ஆனால் ஆளுநர் காள்ற்ரன் தப்பிக் கியூபெக் கோட்டையை அடைந்துவிட்டார். காள்ற்ரனும் அயர்லாந்திற் பிறந்தவரே, ஸ்ரபேன் ஊரினர். 1762இல் ஹவானாவை முற்றுகையிட்ட படையில் இருவருமே இருந்தனர். முன்பு ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள் இப்போது மதிலின் இருபுறமும் நின்றனர்.

டிசம்பர்த் தொடக்கத்தில் மொன்ற்கொமெறி, ஆர்னல்டின் களைத்த படையோடு சேர்ந்து கியூபெக்கைச் சூழ்ந்தார். அம்மை பரவியது. வீரர் பலரின் சேவைக்காலம் ஆண்டிறுதியோடு முடியவிருந்தது; சனவரி பிறந்தால் அவர்கள் வீடு திரும்புவர். ஆகவே பனிப்புயல் வீசிய டிசம்பர் 31 விடியற்புறத்திலேயே தாக்க நேர்ந்தது. குன்றுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியில் அவர் முன்னணியில் நடந்தார். தடுப்பரணிலிருந்து வெடித்த ஒரு பீரங்கி அவரையும் அருகிலிருந்தோரையும் வீழ்த்தியது. எஞ்சியோர் பின்வாங்கினர். மறுபுறம் ஆர்னல்ட் காயமுற்றார். ஏறத்தாழ நானூறுபேர் சிறைப்பட்டனர். மொன்ற்கொமெறிக்கு அப்போது வயது முப்பத்தேழு. மூன்று வாரங்களுக்கு முன் அவருக்கு மேஜர் ஜெனரல் பதவி வழங்கப்பட்டிருந்தது. அச்செய்தி அவரை எட்டவில்லை. சுதந்திரப் பிரகடனத்துக்கு இன்னும் ஆறு மாதங்கள் இருந்தன. எந்த நாட்டுக்காக அவர் இறந்தாரோ அந்நாடு அன்று பிறந்திருக்கவில்லை.

ஜோன் ட்ரம்புல் 1786இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், தளபதி தோழர்களின் கரங்களிற் சாய்ந்திருக்க, பலர் சூழ்ந்து நின்று திகைக்கின்றனர். உண்மை வேறு. இறந்தோரை விட்டுவிட்டே படை ஓடியது. உறைந்த உடல் மறுநாட் பனியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. ஓவியனின் பொய்யை மன்னிக்கலாம். ஆனால் உண்மையின் தனிமை அதைவிட நெஞ்சைத் தைக்கிறது. 1776 சனவரி 4இல் எதிரிகளே அவரை மரியாதையுடன் அடக்கம் செய்தனர். அடக்கத்தை மேற்பார்வை செய்தவர் ஜேம்ஸ் தொம்சன் என்னும் ஸ்கொற்லாந்தியர்.

இலண்டன் பாராளுமன்றத்தில் பழைய நண்பர்கள் அவரைப் புகழ்ந்து பேசினர். வீரமும் மனிதப்பண்பும் உடையவரெனினும் அவர் கலகக்காரரே என்றார் பிரதமர் நோர்த் பிரபு. கலகக்காரன் என்ற பெயர் இழிவானதன்று, உரிமைக்காக நின்றோர் யாவரும் அவ்வாறே அழைக்கப்பட்டனர் என்று பொக்ஸ் மறுத்துரைத்தார். காங்கிரஸ் அவருக்கு நினைவுச்சின்னம் அமைக்கத் தீர்மானித்தது. பிராங்கிளின் மூலமாகப் பாரிஸ் சிற்பி கபியேரி அதனைச் செதுக்கினார். போர் முடிந்தபின்னரே அது நியூயோர்க் சென் போல்ஸ் ஆலயத்தில் நிறுவப்பட்டது.

ஜனற் அதே டிசம்பரில் தந்தையையும் இழந்திருந்தார். 1777இல் பிரித்தானியர் கிளெமொண்ட் மாளிகையைத் தீக்கிரையாக்கினர். போருக்குப் பின் ஜெனரல் கேற்ஸ் அவரை மணக்க விரும்பினார், ஜனற் மறுத்தார். அயர்லாந்து சென்று கணவரின் சுற்றத்தாரைக் கண்டு வந்தார். அறுபது வயதை அடைந்தபின் ஹட்சன் கரையிற் புதுமாளிகை எழுப்பி அதற்குக் கணவரின் பெயரையே சூட்டினார்.

1818இல் தளபதியின் எலும்புகளை நியூயோர்க் மாநிலம் மீட்க முற்பட்டது. புதைத்த இடத்தைச் சுட்டிக்காட்டியவர் எண்பத்தைந்து வயதான அதே தொம்சன். பேழை அல்பனியிலிருந்து 'றிச்மண்ட்' என்னும் நீராவிக்கப்பலில் ஏற்றப்பட்டது. ஹட்சனில் நீராவிக்கப்பல் ஓடத் தொடங்கியது 1807இல். புல்ற்ரனுக்குத் துணைநின்று அதற்குப் பொருளுதவியவர் ஜனற்றின் தம்பி றொபேட். 1818இல் அவரும் உயிரோடில்லை.

கப்பல் தம் மாளிகையைக் கடக்கும் நேரம் ஜனற்றுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. தம்மைத் தனியே விடுமாறு கேட்டுக்கொண்டு அவர் ஆற்றை நோக்கிய தாழ்வாரத்தில் இருந்தார். யூலை 6ஆம் நாள் கப்பல் மாளிகைக்கு நேரே வந்து சற்று நின்றது. சோக இசை முழங்கியது. துப்பாக்கி வேட்டு மரியாதை செலுத்தப்பட்டது. பின்னர் அது தெற்கு நோக்கிச் சென்றது. வீட்டார் வந்து பார்த்தபோது அம்முதியவள் உணர்வற்றுத் தரையிற் கிடந்தாள். இரு நாட்களின் பின், நியூயோர்க்கிற் சின்னத்தின் அடியில் பேழை இறக்கப்பட்டது.